முட்புதர் என்று எழுதி எங்கள் காட்டை அழிக்காதீர்கள்: வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டுக்கு வடபுறம் இருக்கும் புறம்போக்கில், குறுங்காடு, அதாவது கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் சிறு காடு, அதன் இரண்டாம் கட்டத்துக்கென்று அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குள் நிற்பதையெல்லாம் ஜேசிபி வைத்து எடுத்துவிட்டு, மண்ணைச் சமன் செய்து, கன்று நடப்போவதாக மேற்பார்வையாளர் சொன்னார். முதல் கட்டத்திலும் இதையேதான் செய்தார்கள். அதன் விளைவைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாங்கள். இந்த வேலையை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது, பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் கட்டத்துக்கான மதிப்பீட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். முட்புதர் அகற்றுதல், நிலம் சமன் செய்தல், குழி எடுத்தல், கம்பி வேலி, சொட்டுநீர்க் குழாய், பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டிருக்கிறது. அந்த இடத்தில் என்னென்ன செடி கொடிகள் நின்றன என்று ஒரு வரிகூட இல்லை. அழிப்பதற்கு முன்னால் யாரும் வந்து பார்க்கவில்லை என்பது அந்தத் தாளிலிருந்தே தெரிகிறது.

என்ன நின்றது என்று நான் சொல்கிறேன். காரை, சூரை, களா, சங்கஞ்செடி, விடத்தலை, கிளுவை, ஆவாரை, அழிஞ்சில், சிற்றீச்சு. நடுநடுவே ஆள் உயரத்துக்கு உசிலும் வெப்பாலையும். அவற்றின் மேல் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும். ஊர்ப் பிள்ளைகள் களாப்பழத்துக்கு அங்கேதான் போவார்கள். நன்னாரி வேரும் அங்கேதான் கிடைக்கும். சீமைக்கருவேலமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சாலையை ஒட்டி ஒரு பட்டையாக நின்றது. அதை எடுங்கள் என்று கேட்டவர்களே நாங்கள்தான். ஆனால் அங்கே தொடங்கிய இயந்திரம், கோயில் காட்டின் எல்லைக்கல்லில் வந்துதான் நின்றது. வேலை நடந்தபோது எங்கள் ஊர் அப்பத்தா ஒருவர், “ஏப்பா, இது காரைச் செடி. இது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று ஓட்டுநரிடம் கேட்டார். “முள்ளு எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிருக்காங்க ஆத்தா” என்றார் அவர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது.

முள்ளுக்கு முள் வித்தியாசம் உண்டு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். அதன் காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தில் விரல் நீளத்துக்குத் திரிபோல் தொங்கும், காய் ஒடுங்காமல் நீளமாக இருக்கும். விடத்தலைப் பூ பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆடு மேய்க்கும் பிள்ளைக்குத் தெரிந்த இந்த வித்தியாசத்தை, லட்சக்கணக்கில் செலவு செய்யும் ஒரு திட்டம் தெரிந்துகொள்ள முயலவில்லை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோதும் எங்கள் பக்கம் இதுதான் நடந்தது. சீமைக்கருவேலத்தோடு சேர்த்துக் கண்மாய்க்கரை வெள்வேலும் விடத்தலையும் போயின.

அய்யா, நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒரு சூரைப் புதரைக் குச்சியால் விலக்கிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுற்றிலும் செம்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பங்குனியில்கூட அந்தப் புதரின் அடியில் மண் குளிர்ந்திருக்கும். கால் அங்குலத்துக்குச் சருகு மக்கிக் கிடக்கும். கிளையை ஒதுக்கினால், முழங்கால் உயரத்தில் ஒரு காட்டு எலுமிச்சை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். பக்கத்திலேயே ஒரு சாண் பாலைக் கன்று. மேலே பார்த்தால் நான்கைந்து இலைதான். வேரோ செடியைவிடப் பல மடங்கு ஆழம் போயிருக்கும். இந்தக் கன்றுகளை யாரும் நடவில்லை. பாலைப் பழத்தைத் தின்ற வௌவாலும் பறவைகளும் போட்டவை. வெட்டவெளியில் விழுந்திருந்தால் வெயிலில் கருகியிருக்கும், இல்லையென்றால் ஆட்டு வாய்க்குப் போயிருக்கும். சூரை முள் காத்ததால் பிழைத்தன. சில ஆண்டுகள் விட்டுவிட்டால் பாலை மேலே வரும், சூரை அதன் மேல் கொடியாக ஏறிவிடும். கோயில் காட்டுக்குள் இன்று இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பாலை மரங்களும் இப்படி ஏதோ ஒரு புதருக்குள்தான் முளைத்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் முட்புதர் என்று எழுதியிருப்பது, பாதி வளர்ந்த காட்டைத்தான்.

இந்தக் காட்டுக்கு வனவியலில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். இந்தியாவில் சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகலான பகுதியில் இருப்பது. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வறட்சி, மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். அப்படியிருந்தும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும் மரங்கள். வீரை, பாலை (உலக்கைப் பாலை), காயா, கருங்காலி, நாவல், மகிழம், காட்டு எலுமிச்சை. உயரம் குறைவு, வளர்ச்சி மெதுவு, கட்டை இரும்பு. ஒருகாலத்தில் கரை நெடுகப் பரவியிருந்த இந்தக் காடு, இன்று கோடியக்கரை, கிண்டி போன்ற சில இடங்களிலும், பெரும்பாலும் கோயில் காடுகளிலும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் காட்டைப் போன்ற சிறு காடுகள் ஊருக்கு ஊர் உண்டு. ஐயனாருக்குப் பயந்து யாரும் சுள்ளி பொறுக்காததால் பிழைத்தவை. அந்த எல்லைக்கு வெளியே புறம்போக்கில் நிற்கும் புதர்தான், அந்தக் காடு பரவுவதற்கு இருக்கும் ஒரே வழி. நீங்கள் கோடு போட்டிருப்பது அதன் மேல்தான்.

கஜா புயல் எங்கள் பக்கத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடிந்தபோது தென்னந்தோப்பு என்று ஒன்று மிஞ்சவில்லை. தைலமரங்கள் இடுப்பில் முறிந்து கிடந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் மல்லிக்கொல்லையின் மேலேயே பெரிய தூங்குமூஞ்சி ஒன்று விழுந்து கிடந்தது. கோயில் காட்டுக்குள் போய்ப் பார்த்தோம். கிளைகள் ஒடிந்திருந்தன, இலைகள் கொட்டியிருந்தன, பாலையும் வீரையும் நின்றுகொண்டிருந்தன. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லிலும், வேகமாக வளர்கிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த அகேசியா மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. 1968-இல் அந்த இடம் வெறும் செம்மண் மேடு. மண்ணை மூடுவதற்கு முதலில் அகேசியாவை வைத்தவர்கள், பிறகு சுற்றியிருந்த கோயில் காடுகளிலிருந்து விதை எடுத்து இந்த மண்ணின் காட்டை வளர்த்தார்கள். அவர்களுக்கு வெட்டவெளிதான் கிடைத்தது. எங்களிடம் வேரும் விதையும் உயிரோடு இருக்கின்றன.

கஜாவுக்குப் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்தோம். பூக்கொல்லை வைத்திருக்கும் பெண்கள், திருப்பூரிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செடி பெயர் எல்லாம் தெரிந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர். பதிவு செய்த அமைப்பு எதுவும் இல்லை. கோயில் காட்டுக்குத் தென்புறம் இருந்த ஒரு துண்டுப் புறம்போக்கில் வேலை தொடங்கினோம். அதில் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டாம் கட்டத்தை வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு அந்த இடம்தான் ஆதாரம்.

முதலில் எதையும் நடவில்லை. சீமைக்கருவேலத்தை மட்டும் எடுத்தோம். தரையோடு வெட்டினால் அது இரண்டு மடங்காகத் துளிர்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துளிர்க்கும் மொட்டுகள் வேரின் மேல்பகுதியில், தண்டு வேரோடு சேரும் இடத்தில் இருக்கின்றன. அதனால் மண்ணுக்குக் கீழே ஒரு அடி தோண்டி, அந்த முண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். பக்கத்தில் இருக்கும் காரை வேரைத் தொடாமல் எடுக்க மனிதக் கையால்தான் முடியும். விறகு, அதைத் தோண்டிய குடும்பங்களுக்கே போனது. ஒரே மூச்சில் முழு இடத்தையும் மொட்டையடிக்கவில்லை. திட்டுத் திட்டாக எடுத்தோம். மண்ணில் கிடக்கும் அதன் விதைகள் பல ஆண்டுகளுக்கு உயிரோடு இருக்கும். வெறும் மண்ணில் வெயில் பட்டால் அடுத்த மழைக்கே பாய் விரித்தாற்போல் முளைத்துவிடும். உங்கள் முதல் கட்ட இடத்தில் வேலிக்குள் இன்று முளைத்து நிற்பது அதுதான். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். இதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தாக வேண்டும், விட்டால் பழையபடி ஆகிவிடும். வெட்டிய முள்கிளைகளைக் காய் உதிர்த்துவிட்டுச் சுற்றிலும் வேலியாக அடுக்கினோம். காயோடு போட்டால் ஆடு மாடு தின்று சாணத்தில் ஊரெல்லாம் விதைத்துவிடும்.

அப்புறம் ஆடு. இதைப் பற்றி யோசிக்காமல் போடும் எந்தக் கம்பி வேலியும் எங்கள் ஊரில் நிலைக்காது. நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்தப் புறம்போக்குதான் மேய்ச்சல் நிலம். உட்கார்ந்து பேசினோம். ஒரு பாதியை மூன்று ஆண்டுகள் மூடுவது, மறுபாதியைத் திறந்து வைப்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஆட்டுக்காரர்களே காவலும் ஆனார்கள். முதல் கட்ட வேலியை அறுத்தது யார் என்று உங்கள் அலுவலகத்தில் விசாரணை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மேய்ச்சலுக்கு மாற்று இடம் எது என்று அவர்களிடம் முதலிலேயே பேசியிருந்தால் அந்த விசாரணைக்கு அவசியம் வந்திருக்காது.

மூடிய இடத்தில் மழைக்குப் பிறகு பழைய வேர்களிலிருந்து துளிர் கிளம்பியது. வெப்பாலை, உசில், காரை, காயா எல்லாம். பல காலமாக ஆடு கடித்துக் கடித்துத் தரையோடு கிடந்தவை. நடாமலே பாதிக் காடு வந்தது. இடைவெளி விழுந்த இடங்களுக்கு மட்டும்தான் கன்று தேவைப்பட்டது.

கன்றுக்கு விதை வேண்டும். கோயில் காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. பூசாரியிடம் கேட்டோம். அவர் பூக்கட்டிப் பார்த்தார். சம்மதம் வந்தது. மரத்தில் ஏறுவதில்லை, கிளையை உலுக்குவதில்லை, கீழே விழுந்ததில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பறவைக்கும் எறும்புக்கும் விட்டுவிடுவது என்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம். நாவலும் வேம்பும் பழுத்து விழுந்த சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டு எடுத்தால் முளைக்காது. பூந்திக்கொட்டைக்கு மேலோடு கெட்டி, சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டுப் போட வேண்டும். பாலைக் கன்றுக்கு ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக நாற்றுப்பண்ணைகளில் வளர்ப்பது இந்தப் பாலையைத்தான். கேட்டால் கொடுப்பார்கள். ஆனாலும் எங்கள் காட்டு விதையில் வந்த கன்று இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் பழகிய மரத்தின் பிள்ளை, அதற்கே முதலிடம் கொடுக்கிறோம்.

நடும் கன்று முழங்கால் உயரம் இருந்தால் போதும். ஐந்தடிக் கன்று புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன் வேர் பைக்குள் சுருண்டு போயிருக்கும், கோடையில் தாங்காது. குழி எடுக்கும்போது மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதையே வேரோடு சேர்த்துப் போட வேண்டும். சரிவுப் பக்கம் பிறைபோல் ஒரு சிறு கரை கட்டினால் மழைநீர் கன்றடியில் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இடம். வெட்டவெளியைத் தேடி நடாமல், இருக்கும் காரைப் புதரின் ஓரத்தில், அதன் நிழல் விழும் பக்கத்தில் நட்டோம். புதர் வெயிலையும் தடுத்தது, ஆட்டையும் தடுத்தது. நட்டது ஐப்பசியில், முதல் நல்ல மழைக்குப் பிறகு. குழாய் போடவில்லை. முதல் கோடையில் மட்டும் சில கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினோம்.

முதல் கட்டக் குறுங்காட்டில் கன்று நட்டது ஜூன் 5 அன்று. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்றார்கள். எங்கள் ஊரில் அது காற்றும் வெயிலும் சேர்ந்து கண்மாய் காயும் காலம். மகோகனி, தூங்குமூஞ்சி, குல்மோகர் என்று நட்டார்கள். முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள், மூன்றாவது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தேக்கும் மலைவேம்பும்கூட வைத்தார்கள். நம் நாட்டு மரங்கள்தான், ஆனால் எங்கள் செம்மண் மேட்டுக் காட்டுக்கு உரியவை இல்லை. பாலையோ வீரையோ காயாவோ ஒன்றுகூட அதில் கிடையாது, பத்தடி தூரத்தில் தாய்மரம் நிற்கிறது. சொட்டுநீர்க் குழாய் ஓடும்வரை கன்றுகள் பச்சையாக இருந்தன. மோட்டார் பழுதானது, பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பாதிக்கு மேல் காய்ந்து குச்சியாக நிற்கின்றன.

சமன் செய்ததில் இன்னொரு சேதமும் நடந்தது. அந்த மேட்டிலிருந்து ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்து வாரி மூடிப்போனது. வேர் பிடித்து வைத்திருந்த மண்ணும் கரைந்தது. அந்த ஐப்பசி மழையில் ஊரணிக்கு வந்தது செஞ்சேறுதான். வாரியை நாங்கள் கையால் வெட்டித் திறந்தோம். அடுத்த கட்டத்தில் இன்னும் அகலமான வாரி ஒன்று கோட்டுக்குள் வருகிறது. மதிப்பீட்டில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

மியாவாக்கி முறை என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். அந்த முறையை உருவாக்கிய ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன், அவர் செய்தது இது இல்லை. ஜப்பானில் அவர் முதலில் போய்ப் பார்த்தது அங்கே ஊர்க் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த காடுகளை. அந்த மண்ணுக்கே உரிய மரங்கள் எவை என்று அங்கே தெரிந்துகொண்டு, அவற்றின் விதையிலிருந்து கன்று வளர்த்து, காடு அழிந்துபோன இடங்களில் நட்டார். அவர் வழியில் போவதென்றால் நீங்கள் முதலில் எங்கள் ஐயனார் காட்டுக்குள் வர வேண்டும். நெருக்கி நடும் முறை, குப்பை கொட்டிய நிலத்துக்கும் நகரத்துக்குள் காலியாகக் கிடக்கும் மனைக்கும் உதவலாம். உயிருள்ள புதர்க்காட்டைப் பெயர்த்துவிட்டு அதன் மேல் செய்ய அவரும் சொல்லவில்லை.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த அரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது, நல்ல காரியம். அதே ஆண்டில்தான் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்று தனிக் கொள்கையும் வந்தது. சீமைக்கருவேலத்தை எடுத்து இந்த மண்ணின் செடிகளைக் காக்கும் வேலை அந்தக் கொள்கைக்கு உட்பட்டதே. எண்ணிக்கை காட்டுவதற்குப் புதர் உதவாது, நட்ட கன்றுதான் கணக்கில் வரும் என்பது எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் மேலிடத்திலிருந்து இலக்கு வருகிறது. ஆனால் அந்த இலக்குக்காக, காடாகிக்கொண்டிருக்கும் இடத்தை அழித்தால் பசுமைப் பரப்பு குறையத்தானே செய்யும்?

கோயில் காட்டைக் காப்பது அரசுக்குப் புதிதும் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் சுமார் 5 ஹெக்டேர் வீரகோயில் காட்டை 2025-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் ஊராட்சியில் அந்தக் குழு கூடியதாக யாருக்கும் நினைவில்லை. பதிவேட்டை எழுத எங்கள் ஆட்டுக்காரப் பெரியவர் தயார். ஒவ்வொரு செடியும் எப்போது பூக்கும், எந்த மாட்டு நோய்க்கு எது மருந்து என்று அவர் சொல்லச் சொல்ல, ஆசிரியர் ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதி வருகிறார்.

ஐப்பசி மழையோடு எங்கள் புதர்களுக்கு ஆறுமணிக்குருவி வரும். வடக்கிலிருந்து குளிருக்கு வருவது. அந்தி மங்கும்போது இரண்டு விசில் கேட்கும். சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் பறவை, அடிமண் மூடியிருக்கும் இடத்தில்தான் தங்கும். குறுங்காட்டின் பெருக்கிய தரையில் அதற்கு ஒன்றும் இல்லை. கௌதாரிக்கும் காடைக்கும் கீரிக்கும் முயலுக்கும் அப்படியே. முதல் கட்டம் நடந்த பிறகு அந்தப் பக்கம் கௌதாரிச் சத்தம் கேட்கவில்லை. தென்புறத்து இடத்தில் கேட்கிறது. இதை நான் படம் எடுத்துக் காட்ட முடியாது, விடிகாலையில் வந்தால் நீங்களே கேட்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

இரண்டாம் கட்ட வேலையை உடனே நிறுத்த உத்தரவிடுங்கள். அந்த இடத்துக்குள் எந்தக் காரணத்துக்கும் ஜேசிபி வரக் கூடாது. உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்ததாரருக்கும் அதன் நகல் போக வேண்டும்.

அடுத்ததாக, கோட்டுக்குள் என்ன நிற்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு. வனத்துறையிலிருந்தோ கல்லூரித் தாவரவியல் துறையிலிருந்தோ ஒருவர், எங்கள் ஊர் ஆட்டுக்காரர்கள், நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள், எல்லோரும் சேர்ந்து நடந்து எழுத வேண்டும். வரத்து வாரிகளையும் அதில் குறிக்க வேண்டும். பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, அந்தக் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

மதிப்பீட்டை மாற்றி எழுதுங்கள். ‘முட்புதர் அகற்றுதல்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘சீமைக்கருவேலத்தை மட்டும் கையால் வேரோடு எடுத்தல், மூன்று மழைக்காலத்துக்கு மறுமுளைப்பை அகற்றுதல்’ என்று போடுங்கள். சமன் செய்யும் வரி முழுவதுமாக வேண்டாம். இயந்திரத்துக்கும் குழாய்க்கும் பெயர்ப்பலகைக்கும் போகும் பணம், எங்கள் ஊர்ப் பெண்களின் கூலிக்கும் ஒரு சிறிய நாற்றங்காலுக்கும் தாராளமாகப் போதும். கன்று வைப்பதாக இருந்தால் கோயில் காட்டு விதையிலிருந்து வளர்த்ததை, ஐப்பசியில் மட்டும் வையுங்கள். விதையும் வேலை தெரிந்த ஆட்களும் எங்களிடம் இருக்கிறார்கள்.

முதல் கட்ட இடத்தைச் சீர்செய்யும் பொறுப்பை ஊர்க் குழுவிடம் விடுங்கள். காய்ந்த கன்றுகளையும், காட்டுக்கு ஆகாத அயல் மரங்களையும் எடுத்துவிட்டு, வாரியைத் திறந்து, மிஞ்சியிருக்கும் வேர்களைத் துளிர்க்க விடுகிறோம். மேய்ச்சலுக்கு எந்தப் பகுதி திறந்திருக்கும், எது எத்தனை ஆண்டு மூடியிருக்கும் என்பதை ஆட்டுக்காரர்களோடு பேசித் தீர்மானமாக எழுதிக்கொள்கிறோம்.

கடைசியாக, இது முழுவதும் அடுத்த கிராம சபையில் பொருளாக வைக்கப்பட வேண்டும். நீங்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் களத்துக்கு ஒருமுறை வாருங்கள், மதிப்பீடு தயாரித்த பொறியாளரையும் அழைத்து வாருங்கள். இரண்டு இடங்களையும் நடந்து காட்டுகிறோம். இந்த மடலுக்கான பதிலை முப்பது நாளுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதற்குள் இயந்திரம் வந்தால், வழியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோயில் காட்டுக் குழுவினர் சார்பில்,
மல்லிக்கொல்லை வைத்திருக்கும் ஒரு விவசாயி